கொம்பைத் தொட்டவர்கள்

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை டிரங்க் காலில் நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். அப்பா கண்டெடுத்த மான்கொம்பை அகமதாபாத்தில் பழம்பொருளுக்கு வயது கணக்கிடும் உன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப முடியுமா என்பது ஒன்று. அது நம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அதன்மேல் என்னென்ன பட்டிருக்கிறது, எண்ணெயா, பசையா, வார்னிஷா, ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு முடியாது என்றேன். அதற்கு நீ ஒரு வார்த்தை சொன்னாய். அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு பூராவும் ஊர்க்காரர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவள், பெற்ற பிள்ளையின் லைனைப் பாதியில் அறுத்தேன். என்னிடம் வேலை பழகிய பெண்தான் அன்றைக்கு லைனில் இருந்தாள். "என்னக்கா, கட் ஆயிட்டா? திரும்பப் போடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். கொம்பு வருமா வராதா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கதைப்புத்தகம் கையில் கிடைத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள் நீ. இப்போது அப்படிப் புரட்டாதே. இந்தக் கடிதத்தை உன்கூட வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும். கொம்பின் கதையோடு நம் வீட்டுக் கதையும் கலந்துதான் வரும். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க எனக்குத் தெரியாது. கண்ணில் புரை வேறு வளர்கிறது. எழுத்து மேலும் கீழுமாகப் போனால் பொறுத்துக்கொள்.

கொம்பு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா துறைமுகத்தில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தார். வாரம் முழுக்கக் கடலுக்குள் எங்கே கல் கொட்ட வேண்டும் என்று கோடு போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கொற்கைப் பக்கம் போய்விடுவார். ஒரு காலத்தில் கடல் அங்கே இருந்ததே, எப்படிப் பின்வாங்கியது என்று பார்க்க. அங்கே வேலாயுதம் அண்ணாச்சி என்று அவருக்கு ஒரு சிநேகிதர், வாழை போடுகிறவர். அவருடைய தோட்டத்தில் கிணறு வெட்டினார்கள். களிமண்ணைத் தாண்டி, ஆள் உயரத்துக்கும் கீழே போனபோது ஒரே சிப்பியாக வந்திருக்கிறது. கடல் இன்றைக்கு அங்கிருந்து மைல் கணக்கில் தள்ளிக் கிடக்கிறது. வாழைக்கு அடியிலோ கடல் சிப்பி. அந்தச் சிப்பிக்குள் இரண்டு கூர்முனைகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்று சாம்பல் நிறம், நல்ல கனம். இன்னொன்று பழுப்பு, ஒரு சாண் நீளம், ஒரு முனை சீவிக் கூராக்கியது, மறு முனை யார் கையிலோ பல காலம் இருந்து வழவழப்பாகிப் போனது.

இரண்டையும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, ஈர வாழைச் சருகில் சுற்றி எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்தார். "ஏளா, இது என்னன்னு சொல்லு பாப்போம்" என்றார். "கறிக்கடைக்காரன் தூரப் போட்டதா? சாப்புடுத எடத்துல வைக்காதீங்க" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. "இரும்பு வாரதுக்கு முந்தி ஒரு மனுசன் கையில வச்சிருந்த ஆயுதம்ளா. ரெண்டும் மான்கொம்பு. பாரு, எப்படிச் சீவிருக்கான்" என்று விளக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். கிணற்றுத் தண்ணீரும் வாழைச் சருகும்தான் முதலில் பட்டவை, எழுதிக்கொள்.

இரண்டும் மான்கொம்பு என்று சொன்னாரே, நம் வீட்டுத் தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. அதில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. நான் கல்யாணத்துக்கு முன்னால் ஆவுளியாக் கறி தின்று வளர்ந்தவள். நீங்கள் புத்தகத்தில் கடல்பசு என்று போடுவீர்களே, அதுதான். அப்போது அதைப் பிடிக்கத் தடை வரவில்லை. அதன் விலா எலும்பு என்ன கனம் கனக்கும் என்று கடற்கரையில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானே தட்டிலிருந்து எடுத்து எத்தனை தடவை நாய்க்குப் போட்டிருப்பேன். அதே எலும்பு, அந்தச் சாம்பல் நிறத்தது, வருஷக்கணக்காக என் அலமாரியில் கிடந்தது. வாரா வாரம் துடைத்தேன். ஒரு நாளாவது அடையாளம் தெரிந்ததா என்றால் இல்லை. வாழைத்தோட்டத்துக் கிணற்றில் கிடைத்தது, மான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், சரி மான்தான் என்று விட்டுவிட்டேன். உன்னை ஒன்றும் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்து, அதன்மேல் படாமல் தப்பித்த ஒன்றைப் பற்றி. கொம்பு காய்ந்தால் வெடித்துவிடும் என்று அப்பாவுக்கு ஒரே பயம். நம் ஆட்கள் பருத்தி வலையை உப்பு தின்றுவிடாமல் இருக்கப் பனிச்சங்காயை இடித்துக் காய்ச்சி, அந்தச் சாற்றில் முக்கி எடுப்பார்கள். நைலான் வலை வந்த பிறகு என் அண்ணன் வீட்டில் அந்தக் காய் கேட்பாரில்லாமல் கிடந்தது. இவர் ஒரு பை நிறைய வாங்கிவந்து, "வலைக்கு நல்லதுன்னா கொம்புக்கும் நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டு அடுப்படியில் என் சோற்றுப்பானையை எடுத்தார். "அந்தக் கறை ஏழு சென்மத்துக்கும் போவாது. பானையத் தொட்டீங்கன்னா நாளையிலேருந்து ஓட்டல்ல போய்ச் சாப்பிட்டுக்கிடுங்க" என்றேன். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் ஆற்று மணலை நனைத்து ஒரு மண்தொட்டியில் நிரப்பி, இரண்டையும் அதற்குள் புதைத்து, நாளுக்கு நாள் ஈரத்தைக் குறைத்து, மெல்லக் காயவைத்தார். கட்டிலுக்கு அடியில் அந்தத் தொட்டி ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தது. பனிச்சங்காய்ச் சாறும் மரத்திலிருந்து வந்த கார்பன்தான், அது உள்ளே ஊறியிருந்தால் கொம்பு தன் வயதைக் குறைத்துக் காட்டியிருக்கும் என்று பின்னால் நீ சொன்னாய். ஆகையால் உன் ஆராய்ச்சியைக் காப்பாற்றியது என் சோற்றுப்பானை. எங்கேயாவது நன்றி எழுதினால் அதையும் சேர்த்துக்கொள்.

பிறகு மைதாப் பசை. இதை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கொம்பைக் கொண்டுபோக அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிப் போனாய். அங்கே போய், அவரைக் கேட்காமல், ஒரு துண்டுக் காகிதத்தில் 'பத்தாயிரம் ஆண்டுப் பழமை' என்று எழுதிப் பசை தடவிக் கொம்பின் மேலேயே ஒட்டிவிட்டாய். அப்பா கண்காட்சியைப் பார்க்க வந்தார். உன் தோழர்கள் முன்னால் உன் கன்னத்தில் அறைந்தார். அவர் உன்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். பசை ஒட்டியதற்காக அடித்தார் என்றுதான் நீ பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து என்னிடம், "வயசு எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. இவன் மனசுக்குத் தோணுன நம்பரைப் போட்டு வச்சிருக்கான். தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதணும்" என்று பொருமினார். இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அடிக்கத் தெரிந்த மனிதருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு நீ சாப்பிடாமல் படுத்தாய், அவரும் சாப்பிடவில்லை, இரண்டு பேர் சோற்றையும் மறுநாள் நான்தான் தண்ணீர் ஊற்றித் தின்றேன். காகிதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்தேன். கூர்முனைக்குக் கொஞ்சம் மேலே பசை இருந்த இடம் இன்னமும் லேசாக வெளுத்துத் தெரிகிறது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ தலையில் கை வைத்துக்கொள்வாய். மெழுகும் மண்ணெண்ணெயும் பட்டிருக்கிறது. நம் வீட்டு மாதா சுரூபத்துக்குக் கீழே, அலமாரித் தட்டில், அப்பா இரண்டையும் வைத்திருந்தார். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் மெழுகுவத்தி சாய்ந்து கொம்பின் மேல் உருகி வடிந்துவிட்டது. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. தாழ்ப்பாளில் துரு பிடித்தாலும் மண்ணெண்ணெய், சைக்கிள் சங்கிலிக்கும் மண்ணெண்ணெய் என்று பழகிய கை. ஒரு துணியில் தொட்டு அழுத்தித் துடைத்தேன், பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு அவ்வளவு பெருமை. மண்ணெண்ணெய் கணக்கில்லாத காலம் பூமிக்குள் கிடந்தது, அதில் நீங்கள் எண்ணுகிற கார்பன் ஒரு துளியும் மிச்சமில்லை, அது பட்டால் வயது கூடித் தெரியும் என்று நீ விடுமுறையில் வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாய். எழுந்து போய்க் காப்பி போட்டேன். இப்போது சொல்லிவிட்டேன். நடுப்பகுதியில், ஒரு தீப்பெட்டி அகலத்துக்குத் துடைத்திருப்பேன்.

கடைசியாகப் பட்டது தைலம். பட்டதிலேயே அதிகமும் அதுதான். அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததும், கைக்குள் எதையாவது வைத்து அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன். வீசி எறிந்துவிட்டார். ஒரு நாள் நானாகவே கொம்பை எடுத்து அந்த வழவழப்பான முனையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மெல்ல மடங்கின. அதற்குப் பிறகு அது அவர் கையிலேயே இருந்தது. தைலம் தேய்க்கும்போது கொம்பையும் சேர்த்துத்தான் தேய்த்தேன். வேர்வை, தைலம், வாயிலிருந்து வடிந்த கஞ்சி, எல்லாம் அதன்மேல் பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷம் முன்னால் எவனோ பிடித்த இடத்தில் இவர் பிடித்திருக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அதற்காகத்தான் நான் முடியாது என்று சொன்னேன், ராசா. அவர் சட்டையெல்லாம் துவைத்துக் கொடுத்தாயிற்று. கண்ணாடி உடைந்துபோனது. அவர் கை பட்டது என்று எடுத்துவைத்துக்கொள்ள இந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்.

சாம்பல் நிறத்து முனையை நீ கேட்டபோது அப்பா உயிரோடு இருந்தார். உயிருள்ள எதுவும் இருக்கிற வரைக்கும் கார்பனை உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும், செத்த பிறகு அதில் ஒரு வகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணினால் எப்போது செத்தது என்று தெரிந்துவிடும் என்று அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாய். எண்ணுவதற்கு அதைக் கரைத்து எரிக்க வேண்டும், திரும்பி வராது என்றும் சொன்னாய். அவர் இரண்டையும் இடது கையால் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். பிறகு குழறிக் குழறி, "கனமானது ஒனக்கு, இது எனக்கு" என்றார். நீயும் கனமானதை எடுத்துக்கொண்டு போனாய்.

எண் வந்த செய்தியை நீ போனில் சொன்ன நாள் நம் வீடு இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. ஐயாயிரத்துச் சொச்சம் வருஷம் என்று நான் அவர் காதில் சொன்னேன். வாய் கோணிப்போன அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மக்ரூன் வாங்கித் தெருவுக்கே கொடுக்கச் சொன்னார். பால்காரன், பேப்பர்காரன், நற்கருணை கொண்டுவந்த சாமியார், யாரையும் விடவில்லை. பேச்சு வராத மனிதர் அந்த ஒரு எண்ணை மட்டும் எல்லோருக்கும் புரியும்படி சொன்னார். வேலாயுதம் அண்ணாச்சி தன் பம்புசெட் சுவரில் அதைப் பெரிதாகப் பெயிண்டால் எழுதியே வைத்துவிட்டார். அப்பா போனது அடுத்த தவக்காலத்தில். அந்த எண்ணோடுதான் போனார்.

இப்போது நீ, எரிக்காமல் மிச்சம் வைத்திருந்த சில்லை லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்ததாகவும், அது மான்கொம்பே இல்லை, ஆவுளியா எலும்பு என்றும் சொல்கிறாய். அதனால் என்ன, எலும்பு எலும்புதானே என்று கேட்டேன். கடல் அடியில் பழைய கார்பன் தேங்கிக் கிடக்கிறது, அது மேலே வந்து கலக்கிறது, கடல் புல்லைத் தின்று வளர்ந்த மிருகம் செத்த அன்றைக்கே நூற்றுக்கணக்கான வருஷம் பழையதாகக் காட்டும் என்று விளக்கினாய். நம் ஊரில் வயதைக் குறைத்துச் சொல்கிற ஆட்களைத்தான் எனக்குத் தெரியும், கூட்டிச் சொல்வது நம் கடல் ஒன்றுதான் போலிருக்கிறது. எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று இந்தக் கரைக்கு இதுவரை யாரும் அளக்கவில்லை என்றாய். மான் தரையில் மேய்ந்தது, அது உள்ளதைச் சொல்லும். இரண்டும் ஒரே சிப்பிக்குள் கிடந்ததால், மானின் வயது தெரிந்தால் கடல் எவ்வளவு கூட்டியது என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கிணற்றைக் கல் வைத்துக் கட்டியாயிற்று, வேறு கரித்துண்டு எதுவும் எடுத்துவைக்கவில்லை, ஆகவே இந்தக் கொம்பை விட்டால் வேறு வழியில்லை. பாதியை வெட்டி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, முழுசும் வேண்டும், நம் மண்ணின் சூட்டில் எலும்புக்குள் இருக்கிற சத்தெல்லாம் போயிருக்கும், முழுசையும் கரைத்தாலும் எண்ணுகிற அளவுக்குத் தேறும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாய். எரித்தபின் பதிலே வராமல் போகலாம் என்பதையும் நீ மறைக்கவில்லை. அதையும் கேட்ட பிறகுதான் நான் முடியாது என்றேன்.

உடனே நீ சொன்னாய்: "சரி, விடுங்கம்மா. மான்கொம்புன்னே இருந்துட்டுப் போட்டும். எரிச்சது எரிஞ்சு போச்சு, இனி யாரு வந்து பாக்கப் போறா? அப்பாவும் அந்த நம்பரைக் கேட்டுத்தான சந்தோசமாப் போனாங்க." அடுத்த மாதம் மெட்ராஸ் கூட்டத்தில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் நீ அந்த எண்ணை வைத்து எழுதிய கட்டுரையைப் படிக்கப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். ஆவுளியா என்று தெரிந்த பிறகும் மான் என்று படிக்கப் போகிறாய். அதுவும் அப்பாவின் பெயரால். அதைக் கேட்டுத்தான் போனை வைத்தேன். கோபமா பயமா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. நீ பொய்க்காரன் இல்லை. என் மனசு நோகக்கூடாது, செத்துப்போன அப்பாவின் சந்தோஷம் கெடக்கூடாது என்று பார்த்திருக்கிறாய். பாசத்தில் செய்கிற தப்பு கண்ணுக்குத் தெரியாது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தவள் சொல்கிறேன்.

மறுநாளே பஸ் ஏறி வேலாயுதம் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அந்த எண் தப்பு என்று உயிரோடு இருக்கும் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவர் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "அப்படியா?" என்று பம்புசெட் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"தப்புன்னா அழிச்சிர வேண்டியதுதான். இப்ப என்ன நம்பர் போடணும்?"

"அது தெரியாது அண்ணாச்சி. கொம்பை எரிச்சாத்தான் தெரியும். எரிச்சாலும் தெரியாமப் போனாலும் போவும்."

"அப்ப இப்போதைக்கு வெள்ளையடிச்சு வச்சிருவோம். தெரிஞ்ச பொறவு எழுதிக்கிடலாம். அந்தப் பெயிண்டுக்காரப் பய ஒருக்கச் சொன்னா வரமாட்டான், அதான் தொல்ல." முட்டுக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டே, "அவரு இருந்தா இந்நேரம் வெள்ளையடிக்கத் தூரியத் தூக்கிட்டு அவரே வந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாழைக்குப் போய்விட்டார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் சொன்னது உண்மை. உன் அப்பா ஒரு கோடு தப்பாக விழுந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் படம் முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுப்பார். மேலதிகாரி போதும் என்று கையெழுத்துப் போட்ட படத்தையும் கிழித்திருக்கிறார், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதரைச் சந்தோஷப்படுத்த என்று சொல்லி நீயும் நானும் ஒரு தப்பான எண்ணைப் பூட்டிவைக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. அவருக்கு இது பிடிக்காது. அவர் தனக்கென்று எடுத்துவைத்த கொம்பை எரிப்பதும் பிடிக்காது, அதுவும் எனக்குத் தெரியும். இரண்டில் எதை அவர் பொறுத்துக்கொள்வார் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை. ஆகவே நானே முடிவு செய்துவிட்டேன். அவர் மேல் பழி போடாமல், என் பேரிலேயே செய்கிறேன்.

கொம்பு வருகிறது. துறைமுகத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகன் அடுத்த வாரம் பம்பாய் போய் அங்கிருந்து உன் ஊருக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன். பஞ்சு, துணி, பழைய பேப்பர் எதுவும் சுற்றவில்லை, முதல் முனையை எடுத்துப்போனபோது நீ சொன்னபடி அலுமினியத் தாளில்தான் மடித்திருக்கிறேன். மடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள். ஆனால் ஒன்று. இது வந்து சேர்ந்தாலும் வழியில் தொலைந்தாலும், பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மெட்ராஸ் கூட்டத்தில் நீ எழுந்ததும் முதலில் சொல்ல வேண்டியது அது ஆவுளியா எலும்பு என்பதை. அங்கே இருக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் எல்லோருமே ஏமாந்தோம், ஆவுளியாக் கறி தின்ற என் அம்மாவும் ஏமாந்தாள் என்று சொல். அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். நீ அங்கிருந்து நேராக ஊருக்கு வந்து நாலு நாள் இரு. நெய்மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறேன்.

கொம்பு கைக்கு வந்ததும் உனக்கு முதல் வேலை அதைக் கழுவுவது. எண்ணெய் போக ஒன்று, பசை போக ஒன்று, மண்ணிலிருந்து ஏறியது போக ஒன்று என்று மாற்றி மாற்றி எது எதிலோ முக்கி எடுப்போம், பிறகு வந்து ஒட்டியது எல்லாம் போய் அந்த மானுடையது மட்டும் மிஞ்சுகிற வரைக்கும் விடமாட்டோம் என்று அப்பாவிடம் நீ சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் மண்ணெண்ணெய் போகட்டும், உன் மைதாப் பசை போகட்டும். அவர் பிடித்திருந்த பக்கம் வரும்போது உனக்குக் கை ஓடாது. என் பிள்ளையை எனக்குத் தெரியும். ஒரு தடவை குறைத்துக் கழுவலாம் என்று தோன்றும். அப்படிச் செய்துவிடாதே. அவர் வேர்வையில் ஒரு பொட்டு உள்ளே தங்கினாலும் மானின் வயது தப்பாகிப்போகும். நன்றாகக் கழுவு, ராசா. அவரையும் என்னையும் முழுசாக எடுத்துவிட்டு, அப்புறம் எரி.

அம்மா